கார்புரேட்டரில் வைத்த புள்ளி

“…அதனால வேற ஷெட் பாத்துக்குங்கண்ணே. திருடன்னு பேர் வாங்கின கையால உங்க வண்டியத் தொடமாட்டேன்,” என்றார் கோதண்டம். எண்பதுகளில் திண்டிவனத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தவர்.

என் பிழைப்பே ஒரு பழைய மோரிஸ் கார்தான். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு ஓட்டுவேன். விழுப்புரத்தில் ரிப்பேருக்கு விட்ட இரண்டு ஷெட்டிலும் நல்ல பார்ட்டைக் கழற்றிக்கொண்டு உளுத்ததை மாட்டி அனுப்பினார்கள். சூடு கண்ட பூனை என்பார்களே, அப்படி ஆகிவிட்டேன். கோதண்டத்திடம் விடும் முன்பே ஒவ்வொரு பார்ட்டிலும் சிவப்புப் பெயிண்டால் ரகசியமாக ஒரு புள்ளி வைத்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் கழற்றி வைத்திருந்த கார்புரேட்டரில் புள்ளி இல்லை. “என் கார்புரேட்டர எவன்கிட்ட தள்ளின?” என்று நாலு பேர் எதிரில் கத்திவிட்டேன்.

அவர் பெட்ரோல் கிண்ணத்தைக் காட்டினார். அடியில் சிவப்பு கலங்கியிருந்தது. “அழுக்கு போவ ஊற வச்சிக் கழுவினேங்க. புள்ளியும் போயிடுச்சி.”

“தெரியாம பேசிட்டேம்பா.”

“தெரியாமலா புள்ளி வச்சீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் வேறு ஷெட் பார்க்கச் சொன்னார்.

கெஞ்சினேன். பலிக்கவில்லை. பிறகு யாரிடமும் அந்தக் காரை விட மனம் வராமல், கடைசியில் அது காயலான் கடைக்குப் போனது. ஊரெல்லாம் தேடிக் கண்ட ஒரே யோக்கியனை என் வாயாலேயே இழந்தேன்.

அன்று கோதண்டம் கார்புரேட்டரைத் துடைத்துப் பழையபடி பூட்டினார். ரிப்பேர் முடியாததால் ஓடாத காரை ரோடு வரை தாமே தோள் கொடுத்துத் தள்ளிவிட்டார். பிறகு உள்ளே போய் அடுத்த வண்டியின் பானெட்டைத் திறந்தார்.