முதலாளிகள் எழுதிய பரீட்சை

அய்லா கோஸ்கெலாவைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் வரும். எங்கள் கல்லூரிக் குளிர்சாதனப் பிரிவின் இறுதிப் பரீட்சைக்குப் பத்தொன்பது வருஷமாக வினாத்தாள் தயாரித்த புண்ணியவான் நான்தான். அதை எட்டுப் பேர் முன்னால் வைத்து என் மானத்தை வாங்கியவள் அவள்.

எங்கள் பிரிவில் பாடம் நடத்த வருவதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் கனடாவில் எங்கள் ஊரான தண்டர் பே நகரத்தின் மளிகைக் கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஃப்ரீசர் ரிப்பேர் பார்த்தவள். மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில் கூரைமேல் நின்றுகொண்டு, "ஃப்ரீசர் எதுக்குங்க? கதவைத் திறந்து வெச்சாலே போதுமே!" என்று கடைக்காரர்களைக் கலாய்ப்பாள். வகுப்புக்கு வந்த பிறகும் அந்த வாய் அடங்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் பிரிவுக்குக் கண்டம். முந்தைய வருஷம் படித்து முடித்த இருபது பேரில் ஐந்து பேருக்குத்தான் வேலை கிடைத்திருந்தது. மார்ச் மாத ஆலோசனைக் கூட்டத்தில் ஒரு வழி பிறக்காவிட்டால் ஜூனில் பிரிவையே மூடிவிடுவதாக டீன் சொல்லிவிட்டார். அய்லாவிடம் வழி இருந்தது. இரண்டாம் வருஷத்தில் பதினாறு வாரம் மாணவர்கள் கம்பெனிகளில் சம்பளத்துக்கு வேலை செய்தபடியே படிக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் சம்மதிக்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல்.

ஆலோசனைக் கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எட்டு முதலாளிகள் வருவார்கள். இளஞ்சிவப்பு ஐசிங் தடவிய பெர்சியன் பன்னை ஆளுக்கு இரண்டு உள்ளே தள்ளுவார்கள். எங்கள் பையன்களைத் திட்டுவார்கள். அப்புறம் பாடத்திட்டத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். வருஷா வருஷம் இதே கூத்து.

திட்டுவதில் முதல் ஆள் ரெய்யோ லாஹ்டினன். ஊரிலேயே பெரிய கம்பெனி அவருடையது. அய்லா ஒரு காலத்தில் அவரிடம் ஆறு வருஷம் வேலை பார்த்தவள்.

"போன வருஷம் ஒருத்தனை எடுத்தேன். சுத்தத் தண்டம்! ஃபார்முலா எல்லாம் கடகடன்னு ஒப்பிக்கிறான். ஸ்பேனரைக் குடுத்தா பாம்பைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறான். அவனுங்களை நான் பதினாறு வாரம் வெச்சுக்கணுமா? என் கம்பெனி என்ன பாலர் பள்ளியா?" என்றார்.

அய்லா எட்டுத் தாள்களை நீட்டினாள். என் வினாத்தாள்!

"முதலாளி, இதுதான் எங்க பரீட்சை. நீங்க வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்டது. நாற்பது நிமிஷம். எழுதுங்க பாப்போம்."

"என்ன, விளையாடுறியா?"

"பயமா இருந்தா வேணாம்."

லாஹ்டினன் பேனாவை உருவிவிட்டார். அவரே குனிந்த பிறகு மற்ற ஏழு பேருக்கும் வேறு வழியில்லை.

நான் அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். தேற அறுபது வேண்டும். அதிகபட்சமே நாற்பத்து மூன்றுதான். லாஹ்டினனுக்கு முப்பத்தொன்று.

"எவன்யா இந்தக் கேள்வியெல்லாம் கேட்டது? முப்பத்தஞ்சு வருஷத்துல எனக்கு இது ஒரு நாளும் தேவைப்படலையே!" என்று அவர் கத்தினார். நான் என் தட்டில் இருந்த பன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அய்லா எல்லோரையும் பட்டறைக்குக் கூட்டிப்போனாள். கல்லூரிச் சமையலறையில் பழுதாகி, உள்ளே பனி மண்டிக் கிடந்த ஃப்ரீசர் ஒன்று அங்கே நின்றது. லாஹ்டினன் குழாயில் உள்ளங்கையை வைத்தார். காது கொடுத்துக் கேட்டார். பின்பக்கத் தகட்டைக் கழற்றி எதையோ விரலால் தட்டினார்.

"பனியை உருக்கிவிடுற டைமர் செத்துப்போச்சு. வேற ஒண்ணுமில்ல."

நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை.

"முப்பத்தோரு மார்க் வாங்கின ஆளு நாலு நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டாரு," என்றாள் அய்லா. "இதை நான் வகுப்புல எப்படிச் சொல்லிக்குடுக்கிறது முதலாளி?"

"சொல்லிக்குடுக்கிறதாவது! நூறு ஃப்ரீசரைத் தொட்டுப் பாக்கணும். வேலை தெரிஞ்சவன் கூட நின்னு பாக்கணும்."

"எந்த வேலை தெரிஞ்சவன் கூட?"

பின்னால் யாரோ, "மாட்டிக்கிட்டியா ரெய்யோ!" என்றதும் மற்றவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள்.

"சரி, ரெண்டு பேரை அனுப்பு," என்றார் லாஹ்டினன்.

"நாலு."

"மூணு. இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினே, கெளம்பிடுவேன்."

அவர் கையெழுத்துப் போட்டதும் மற்றவர்களும் போட்டார்கள். அப்போது முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த பதினெட்டு மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. பிரிவை மூடும் பேச்சை டீன் அன்றோடு விட்டார். நான் அன்றைக்கு அய்லாவிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. ஆனால் மறுநாள் பாதிக் கேள்விகளை நானே அடித்துவிட்டேன். மீதியைப் பட்டறையில் இயந்திரத்தின் முன் நிறுத்திக் கேட்கிற மாதிரி மாற்றினேன். எனக்கும் ரோஷம் உண்டு.

செப்டம்பரில் பதினெட்டு பேரும் கம்பெனிகளுக்குப் போனார்கள். ஜனவரியில் பதினேழு பேர் வகுப்புக்குத் திரும்பினார்கள். லாஹ்டினனிடம் போன கெண்ட்ரா என்ற பெண்ணை மட்டும் காணோம். அய்லா போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"எங்க பொண்ணு எங்கே முதலாளி?"

"அவளை அனுப்ப முடியாதும்மா. ரெண்டு ஆஸ்பத்திரியை அவதான் பாத்துக்கிறா. முழுநேர வேலையே போட்டுக் குடுத்துட்டேன். வேலைக்குத்தானே படிக்க வைக்கிறே? அப்புறம் என்ன?"

"நாளைக்கு உங்க கம்பெனியை மூடிட்டா, டிப்ளோமா இல்லாம அவ எங்கே போய் நிப்பா? படிப்பு ஏப்ரல்ல முடிஞ்சிடும், பொறுத்துக்குங்க. திங்கட்கிழமை அவ இங்கே இருக்கணும்."

"அதுக்குள்ள வேற எவனாவது அவளைக் கொத்திக்கிட்டுப் போயிட்டா?"

"அது உங்க கவலை," என்று அய்லா போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் கெண்ட்ரா வந்தாள். கம்பெனி வேனில் லாஹ்டினனே கொண்டுவந்து விட்டார். சாயங்காலம் வகுப்பு முடிய அரை மணி நேரம் இருக்கும்போதே அவளைக் கூட்டிப்போக வந்து, எஞ்சினை அணைக்காமல் வாசலிலேயே காத்திருந்தார்.