ஈட்டி மரமும் அண்ணன் காத்த மண்ணும்

சென்ற ஐப்பசி அடைமழையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஏலத்தோட்டத்து ஈட்டி மரம் வேரோடு சாய்ந்தது. அதன் அடியில் என் அண்ணன் அவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். ஓராண்டு நிறைந்தும் அந்த ஓசை என் காதை விட்டுப் போகவில்லை. முதல் திதிக்கு வந்திருக்கும் உறவினரும் நண்பர்களும், அண்ணன் எப்படி வாழ்ந்தார்கள், எதற்காக மாண்டார்கள் என்பதை அறிய வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அண்ணன் போடிநாயக்கனூரில் பிறந்தவர்கள். எங்கள் தகப்பனார் காலமானபோது அவர்களுக்கு மீசைகூட அரும்பவில்லை. கழுதைகளில் அரிசிப் பொதி ஏற்றி மலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய், அந்த வருவாயில் என்னை மதுரையில் படிக்க வைத்து வாத்தியாராக்கினார்கள். பிறகு போடிமெட்டுக்கு அப்பால் ஒரு சரிவைப் பட்டாவுக்கு வாங்கி ஏலம் நட்டார்கள். மலைக்காய்ச்சலில் செத்துப் பிழைத்தார்கள். அவர்களுக்கும் மதினிக்கும் பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. என் மக்கள் மூவரையும் தம் மக்களாகவே எண்ணி, "அந்தச் சரிவு புள்ளைகளுக்குத்தான்" என்பார்கள்.

மலையில் சொந்தக் காடு வைத்திருப்போரின் துன்பம் கீழே இருப்பவர்களுக்கு எளிதில் விளங்காது. நிலத்துக்குத் தீர்வை கட்டுவது நாம். அதில் தானாக முளைத்து நிற்கும் ஈட்டியும் தேக்கும் சர்க்காருடையவை. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். நிழல் மிஞ்சினாலோ காய் பிடிக்காது. ஒரு வருஷம் அண்ணன் அந்த ஈட்டியின் தாழ்ந்த கிளை ஒன்றை வெட்டி வெயில் விட்டார்கள். வழக்கு வந்தது. வக்கீலுக்கும் அபராதத்துக்குமாகச் சிலமலை ஊரில் இருந்த நஞ்சை போயிற்று. மதினியின் நகையும் போயிற்று. இன்னொரு முறை சர்க்கார் மரத்தில் கோடாலி பட்டால் பட்டாவே ரத்தாகும் என்று சொல்லிக் காட்டிலாகாவினர் கையெழுத்தும் வாங்கினார்கள். சில ஆண்டுகளில் மரம் சாயத் தொடங்கவே, அதை வெட்ட உத்தரவு கேட்டு அண்ணன் மனுப் போட்டார்கள். பதிலே வரவில்லை. யாராவது மரத்தைப் பற்றி விசாரித்தால் அண்ணன் சிரிப்பார்கள். "அவரு நம்ம வீட்டோட மாப்ள. சோறும் போடணும், ஏன்னும் கேக்கக் கூடாது."

மரம் விழுந்த அன்று காய் பறிப்பு. பள்ளி விடுமுறையாதலால் நானும் மேலே போயிருந்தேன். மரம் அண்ணனை இடுப்புக்குக் கீழே அழுத்திக் கிடந்தது. தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி கோடாலியோடு ஓடி வந்தார்.

"மொதலாளி, நாலே போடு. ரெண்டாப் போயிரும்!"

"நீ போடு போட்டா மண்ணும் போயிரும்டா. அத அங்கிட்டு வை."

"அண்ணே, உசுர விடப் பட்டாவா பெருசு?" என்று நான் அலறினேன்.

"கத்தாதப்பா. மரந்தான் அவுகளது, மண்ணு நம்மளுது. மண்ணைத் தோண்டுங்க, வெரசா."

நான் கோடாலியைப் பிடுங்கி ஓங்கினேன். அண்ணன் என் கணுக்காலைப் பற்றிக்கொண்டார்கள். "மூணு புள்ளைகளப் பெத்தவன் நீ. கீழ போடு" என்றார்கள். போட்டுவிட்டேன்.

மண்வெட்டியாலும் கையாலும் தோண்டினோம். தோண்டத் தோண்ட மழைநீர் வந்து குழியை மூடியது. அண்ணனை வெளியே எடுக்க உச்சிப்பொழுதாகிவிட்டது. கம்பளியில் தூளி கட்டி, மெட்டு வழியாக இறக்கினோம்.

"பொதி ஏத்துன பாதையில என்னையவே பொதியாக் கட்டிக் கொண்டு போறீகளேடா" என்றார்கள் அண்ணன்.

"பேசாம வாங்க மொதலாளி. கழுதகூட இம்புட்டுப் பேசாது" என்றார் கங்காணி. சொல்லிவிட்டு அவர்தான் அழுதார்.

அண்ணன் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பேச்சை நான் கேட்கவில்லை. போடியில் விளக்கு வைக்கும் முன்னே உயிர் பிரிந்தது.

வழுக்குப் பாதையில் தோள் மாற்றாமல் சுமந்த கங்காணிக்கும் தோட்டத்து ஆட்களுக்கும், கூப்பிட்டவுடன் வீட்டுக்கே ஓடி வந்த தர்மாஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரஸ்ஸருக்கும், மழையில் விறகு நனையாமல் கொண்டுவந்து சேர்த்த குரங்கணி உறவினருக்கும், மதினியைத் தனியே விடாமல் உடன் இருந்த சிலமலைப் பெண்மக்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. சரிவு இன்னும் நம் பேரில்தான் இருக்கிறது. என் மூத்தவனை அங்கே அனுப்ப எனக்குத் துணிவில்லை. விற்கவும் வாய் வரவில்லை. இதற்கு வழி சொல்ல வேண்டிய ஒருவர் இன்று இல்லை.

சென்ற ஆண்டு அண்ணனின் கருமாதியன்று எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, மலையிலிருந்து காட்டிலாகாக் காவலரான கார்டு ஒருவர் வந்தார். சாய்ந்த மரத்தைப் பார்வையிட்டுவிட்டு நேரே வந்ததாகச் சொன்னார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மதினியின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"சுத்திச் சுத்திப் பாத்துட்டேன் தாயி. மரத்துல புதுசா ஒரு வெட்டுக்காயங்கூட இல்ல. ஒங்க மேல கேசு வராது. பயப்படாதீக."