மச்சான் முன்னாடி ஸ்கூட் அடிக்காத முருகன்

கோவாவுல ஒரு கப்பல் கேசினோ. அங்க நான் வருஷக்கணக்கா போக்கர் டீலர், பொம்பள டீலர். சீட்டு போடணும், வாயை மூடிக்கணும், அதான் டீலர் வேலை. வேலையை விட்டுட்டு புதுச்சேரிப் பக்கம் எங்க ஊர் வில்லியனூருக்கே வந்த பிறகும் அதுக்கு ஆள் தேடி வந்தாங்க. திருபுவனை பேக்டரி ஒண்ணோட கேன்டீன்ல பொங்கல் விழாவுக்கு போக்கர் போட்டி. காசு கிடையாது, வெறும் சிப்ஸ். ஜெயிச்சா பிளேன் டிக்கெட் ரெண்டு.

கடைசி டேபிள்ல மூணு பேர். குவாலிட்டி பிரபு, வீடியோ பார்த்துப் பார்த்து கணக்குப் போட்டு ஆடுறவன். லேத் ஓட்டுற முருகன், தீபாவளிக்கு மூணு சீட்டு ஆடினதோட சரி. ஸ்டோர்ஸ் சேகர், முருகன் பொண்டாட்டி கஸ்தூரியோட தம்பி. அவளை பிளேன்ல ஏத்துறேன்னு கல்யாணத்தப்போ முருகன் சொன்ன வார்த்தை அப்படியே நிக்குது. அதுக்குத்தான் அவன் வந்ததே.

சீட்டைக் கவுத்துட்டு ஒதுங்கறதுக்கு நம்ம பக்கம் ஸ்கூட்னு பேரு. மச்சான் முன்னாடி ஸ்கூட் அடிச்சா மானம் போச்சு! சேகருக்கு இது நல்லா தெரியும். சிப்ஸைத் தள்ளிட்டு, "இன்னா மாமா, ஸ்கூட்டா?"ம்பான். முருகன் கையில குப்பைதான் இருக்கும். ஆனாலும் "ஆடுறேன்டா!" தோத்தான். மறுபடி ஆடினான், மறுபடி தோத்தான். 'கவுத்துடுடா'ன்னு சொல்லணும்போல இருந்துச்சு. டீலர் வாயைத் திறக்கக் கூடாதே!

மத்தியானம் டிபன் கேரியரோட கஸ்தூரி வந்தா. புருஷன் முன்னாடி சிப்ஸ் குறைஞ்சு கிடக்கறதைப் பார்த்தா.

"ஏன்யா, டிக்கெட்டுக்கு ஆடுறியா, என் தம்பிகூட வீம்புக்கு ஆடுறியா? வீம்புன்னா சொல்லு, நான் வூட்டுக்குப் போறேன்."

சாப்பாடு முடிஞ்சு முதல் ஆட்டத்துலயே சேகர் கேட்டான், "ஸ்கூட்டா மாமா?" முருகன் மூஞ்சி செவந்து போச்சு. சீட்டைக் கவுத்தான். "ஸ்கூட்." கேன்டீனே விசிலடிச்சுது. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு அடுத்த ஆட்டமும் ஸ்கூட் அடிச்சான்.

அப்புறம் கவுந்தது பிரபு. கையில ஏஸ் ஜோடி, இருக்கறதுலயே பெரிய ஜோடி. சேகர் ஏழையும் எட்டையும் வெச்சுக்கிட்டு விடாம ஆடினான். எல்லாருக்கும் பொதுவா மேசையில விரிச்ச சீட்டுல ஒரு எட்டு கிடந்துச்சு, கடைசிச் சீட்டா ஏழு விழுந்துச்சு. ரெண்டு ஜோடி, சேகர் ஜெயிச்சான்.

"நான் ஆடினதுதான் கரெக்ட்! இவனுக்கு ஆடவே தெரியாது!"ன்னு பிரபு கத்தினான். அவன் ஆடினது கரெக்ட்தான், சத்தியமா. அதனாலதான் அவனுக்குப் பொறுக்கல. இப்படி புத்தி சாயறதை டில்ட்னு சொல்வோம். கணக்குத் தெரிஞ்சவனுக்கும் வரும். அடுத்த ஆட்டத்துல மீதி சிப்ஸ் மொத்தத்தையும் குப்பைச் சீட்டுல வெச்சு, காத்துக்கிட்டிருந்த முருகன்கிட்ட விட்டான்.

மாமனும் மச்சானும் மிச்சம். நல்ல சீட்டு வந்தப்ப மட்டும் ஆடி ஆடி, இப்ப முருகன் முன்னாடிதான் பெரிய குவியல். இருந்தும் ஸ்கூட் மேல ஸ்கூட். சேகருக்கு ஒரே குஷி, தன் சீட்டைக்கூட ஒழுங்கா பார்க்கல. "மாமா ஸ்கூட்டுதான்"னு அவனே சொல்லிக்கிட்டு மொத்தத்தையும் தள்ளினான்.

"இல்ல மச்சான். காமி."

முருகன் கையில ராஜா ஜோடி. சேகர் கையில ஒண்ணுமே இல்ல. கஸ்தூரி கையைத் தட்டினா, நானும் தட்டிட்டேன். டீலர் தட்டக் கூடாது, போகட்டும்.

டேபிள்ல உக்காரப் போற பசங்களா, கேளுங்க. கோவமே வராதவன்னு எவனையும் நான் பார்த்ததில்ல. எதுக்கு உக்காந்தோம்னு மறக்காதவன் ஜெயிச்சுப் பார்த்திருக்கேன்.

ஏர்போர்ட்டுக்கு முருகனையும் கஸ்தூரியையும் கார்ல கொண்டுபோய் விட்டது சேகர்தான். அடுத்த தீபாவளிக்கு அவங்க வூட்டுக்குப் போனேன். மூணு சீட்டு நடக்குது.

"ஸ்கூட்டா மாமா?"

"ஆடுறேன்டா!"

தோத்தான். நான் தலையில அடிச்சுக்கிட்டேன். கஸ்தூரி முறுக்குத் தட்டை நீட்டினா.

"இன்னைக்கு வீம்புக்குத்தான்க்கா ஆடுறாரு. ஆடட்டும்."