முட்டுகளுக்கு நடுவே கிரகப்பிரவேசம்

எல்லையில் சண்டை நடந்த குளிர்காலத்தில், ராணுவத்துக்குப் பதுங்கு அறைகள் கட்டும் இளநிலைப் பொறியாளனாக இருந்தேன். அந்த மலைக் குளிரில் கான்கிரீட் லேசில் இறுகாது. தண்ணீரைக் காய்ச்சித்தான் கலவை போடுவோம். ‘பதறாத காரியம் சிதறாது’ என்பார்கள். என் மேலதிகாரிக்கு அது காதில் ஏறாது. கூரை போட்ட நான்காம் நாளே, தாங்கி நின்ற முட்டுகளைப் பிரிக்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. பிரித்தோம், கூரை தூளி மாதிரித் தொங்கியது. நல்லவேளை, உள்ளே யாருமில்லை. வாயால் போட்ட உத்தரவுதானே, விசாரணையில், தான் அப்படிச் சொல்லவேயில்லை என்றுவிட்டார். பழி எனக்கு. பதவி உயர்வும் போயிற்று.

ஓய்வுபெற்று அண்ணனூரில் இருக்கிறேன். போன வருஷம் அதே மனிதர் திருமுல்லைவாயிலில் வீடு கட்டினார். தளத்துக்கு முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் வேலை பார்த்தவன் என் தெருக்காரன்; என்னை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவான். தளம் போட்ட எட்டாம் நாள் கிரகப்பிரவேசம். சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், கூடமெல்லாம் கம்பாக நிற்கிறது, பிரித்துவிடு என்றாராம்.

“அண்ணாத்தே சொல்லாம கை வெக்க மாட்டேன் சார். அவரு அண்ணனூர்லதான் கீறாரு” என்றிருக்கிறான்.

வந்தார். என் வீட்டு வாசலில் என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது. யானைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம்.

“பழசை மனசுல வெச்சுக்காதப்பா. அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடேன்.”

தாளும் பேனாவும் எடுத்து வந்தேன். “உங்க உத்தரவுலதான் பிரிக்கிறாங்கன்னு எழுதிக் குடுங்க சார்.”

“வீடு என்னோடதுதானேப்பா.”

“கையெழுத்தும் உங்களோடதா இருக்கட்டும்.”

பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினார். திரும்ப மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். எழுதியிருந்தாலும் பிரிக்க விட்டிருக்க மாட்டேன்; அகலமான கூடம், முட்டுகள் இரண்டு வாரமாவது நிற்க வேண்டும். அவர் தவிப்பதைப் பார்க்கத்தான் நீட்டினேன்.

கிரகப்பிரவேசத்துக்கு அழைப்பில்லாமலே போனேன். பட்டுப்புடவைகள் கம்புகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்தன. ஹோமப் புகையில் சம்பந்தி கம்பில் நெற்றியை இடித்துக்கொண்டு, இதெல்லாம் எதற்கு என்று சிடுசிடுத்தார்.

மேலதிகாரி என் பக்கம் கை காட்டினார். “அவரைக் கேளுங்க. எங்ககூட வேலை பார்த்தவர். அவர் சொன்னா சரியா இருக்கும்.”

விசாரணை அறையில் நான் காத்திருந்த வார்த்தை. இத்தனை வருஷம் கழித்து, சம்பந்தியைச் சமாளிப்பதற்காக வந்தது. மன்னிக்கத் தோன்றவில்லை. பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அவரைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொன்னேன்.