கத்தரி படாத முடி

மல்கியத் சிங் எங்கள் பட்டறையில் பழைய பேட்டரிகளின் ஈயத்தை உருக்குகிறவர். லூதியானாவுக்கு வெளியே இருக்கும் அந்தப் பட்டறையில், என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே உலையடியில்தான் நின்றார். நான் லாரியிலிருந்து பேட்டரி இறக்குகிறவன். போன குளிர்காலத்தில் அவருக்கு வயிறு முறுக்கியது, மணிக்கட்டு துவண்டது. லஸ்ஸி டம்ளரையே இரண்டு கையாலும் பிடித்தார்.

உலையிலிருந்து வேறு வேலைக்கு மாற்றச் சொன்னோம். முதலாளி கேட்கவில்லை.

"குடிச்சுக் குடிச்சு நரம்பு போச்சு. பழி மட்டும் என் ஈயத்து மேலயா?"

ஒரு சொட்டு தொடாத மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் ஈயம்தான் என்று நிரூபிக்க ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தோம். ஆனால் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்ததில் ரத்தத்தில் ஈயம் குறைந்திருந்தது. முடியைப் பார்த்தால் பழைய மாதங்களும் தெரியும் என்று டாக்டர் ரித்து கத்தரியை எடுத்தார். மல்கியத் தலைப்பாகையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"குரு குடுத்த முடி, டாக்டர்ஜி. உசுரே போனாலும் கத்தரி படக்கூடாது."

"உசுருதான் போய்க்கிட்டு இருக்கு, பாஜி," என்றேன். முறைத்தார்.

வழி சொன்னது அவர் மனைவி ஹர்பன்ஸ் கவுர். சீப்பில் வரும் முடியைச் சீக்கியர்களான நாங்கள் குப்பையில் போடுவதில்லை, சேர்த்துவைத்து எரிப்போம். எரிக்காமல் வைத்திருந்த துணிப்பையை அவள் கொண்டுவந்து கொடுத்தாள். ஒட்டிய தூசியைக் கழுவித்தான் சோதிப்பார்களாம்.

முடிவு வந்தது. முடியின் நீளம் முழுக்க ஈயம். நான் துள்ளினேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"நரைச்ச முடி பாஜியோடது. பைக்குள்ள மருதாணி போட்டதும் இருந்துச்சே, அது யாரோடது?"

"என்னோடதுதான்," என்றாள் ஹர்பன்ஸ். "ரெண்டு பேருக்கும் ஒரே பை. தப்பாயிருச்சா?"

"அதுலயும் ஈயம் இருக்கு, பாபி. நீங்க பட்டறைக்குப் போவீங்களா?"

"நானா? அது வாசலக்கூடப் பாத்ததில்ல. இவரு தலைப்பாகைய உதறித் துவைப்பேன், அவ்வளவுதான்."

மல்கியத் தன் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "என் வேலைய அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல இவ ரத்தத்த எடுங்க," என்றார்.

முடிச் சோதனை முடிவைக் காட்டியதும் முதலாளி இறங்கிவந்தார்; இப்போது அவருக்கு வாசல் காவல் வேலை. தலைப்பாகையைப் பட்டறைக் குழாயடியிலேயே அலசிக் காயவைக்கிறார். அந்த நீளத் துணியை இழுத்து மடிக்க இரண்டு பேர் வேண்டும். இத்தனை வருஷமும் மறுமுனையைப் பிடித்தவள் ஹர்பன்ஸ். இப்போது நான் பிடிக்கிறேன். அவளை அவர் அந்தத் துணிக்குக் கிட்டவே விடுவதில்லை.