கமாண்டர் மதகில் உட்கார்ந்த மூன்று நாள்

உச்சி வெயிலில், எங்கள் ஊர் மதகின் கட்டைச் சுவரில், தலையில் ஈரத்துண்டோடு ஒரு சட்டமன்ற உறுப்பினர் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஊர்க்காவல் படையில் கமாண்டராக இருந்து, திருவிழாக் கூட்டத்திலும் புயல் வெள்ளத்திலும் பேர் வாங்கியவர். அந்தப் பேர்தான் அவரைக் கோட்டைக்கு அனுப்பியது. எம்.எல்.ஏ. ஆன பிறகும் அவருடைய படையில் இருந்த எங்களுக்கு அவர் கமாண்டர்தான். "சட்டசபையில மைக் குடுக்குறாங்க, விசில் குடுக்க மாட்டேங்குறாங்க. அதான் ஒருத்தனும் கேக்குறதில்ல" என்பார்.

அந்த வருஷம் மேட்டூர் தண்ணீர் சரியாக வரவில்லை. மூன்று நாள் எங்கள் ஊருக்கு, அடுத்த மூன்று நாள் வாய்க்காலின் கோடியில் இருக்கும் கடைமடை ஊருக்கு என்று இரண்டு ஊரும் பேசி முடித்தாயிற்று. கடைமடையின் முறை தொடங்கிய அன்றே எங்கள் ஆட்கள் மதகைத் திறந்து தண்ணீரை எங்கள் வயலுக்குத் திருப்பக் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். அதற்கு முன்பே கமாண்டர் வந்து உட்கார்ந்திருந்தார். காக்கி உடுப்போடு பக்கத்தில் நான். என் நாற்றங்காலும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் கிடந்தது.

கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் கமாண்டரின் மைத்துனர். "அத்தான், சித்திரையில எலெக்‌ஷன் வருது. உங்க நாத்தும் சேந்துதான் கருகுது. யாருக்குக் காவல் உக்காந்திருக்கீங்க?"

"காலையில பாத்துட்டுத்தான் வந்தேன் மாப்ளே. இது அவங்க முறை. அஞ்சு வருஷம் கோட்டையில சும்மா உக்காந்திருந்தேன். இங்க உக்காந்தா நாலு நாத்தாவது பிழைக்கும்."

சிரித்தவர்களும் திட்டிக்கொண்டேதான் திரும்பினார்கள். மூன்று நாளும் அவர் நகரவில்லை. கடைமடை பிழைத்தது, எங்கள் நாற்று போயிற்று. சித்திரையில் சொந்த ஊரே அவரைக் கைவிட்டது. தோற்றார்.

இப்போது ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் போர்வெல். மதகுக்கு மல்லுக்கட்ட ஆளும் இல்லை, பாதிப் பேர் என்னைப்போல் சிங்கப்பூரில். வேலைக்குப் போகும் லாரியில் ஏற வரிசையில் நிற்கும்போது, நான் கிளம்பிய நாள் ஞாபகம் வரும். வழியனுப்பக் கமாண்டர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். என்னால் மறைக்க முடியவில்லை.

"கமாண்டர், நான் உங்களுக்கு ஓட்டுப் போடலைங்க."

"தெரியும்ப்பா. கருகின நாத்தப் பாத்துட்டு நானே எனக்குப் போட்டிருக்க மாட்டேன்" என்றார். பஸ் வந்தது. "மூணு நாளும் பக்கத்துல நின்னியே" என்று சொல்லிக்கொண்டே என் பெட்டியைத் தூக்கி அவரே உள்ளே வைத்தார்.