என் டிரேயில் வந்து விழுந்த என் புகார்

1. படிவம்

நாங்கள் நூலகத்தை ஒன்பதரைக்குத் திறப்போம். அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பது இருபதுக்கு மேனேஜர் ஹெதர் என் டிரேயில் ஒரு காகிதத்தை வைத்தார். இளையோர் பிரிவிலுள்ள ஒரு நாவல் மேல் புகார் வந்திருக்கிறது, விதிப்படி நீதான் விசாரிக்க வேண்டும் என்றார். எடுத்துப் பார்த்தேன். அந்தப் புகாரை எழுதியவன் நான்.

ஆக்லாந்தில் பாட்டனி டவுன்ஸ் பக்கம் ஒரு பொது நூலகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தகம் பிடிக்கவில்லை என்று ஒருவர் வாயால் சொன்னால் தலையாட்டி அனுப்பிவிடலாம். படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் அது ஃபைல். அந்தப் பிரிவைப் பார்ப்பவர் புத்தகத்தை முழுக்க வாசித்து, பத்து வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். புகார் கொடுத்தவரின் பெயர் விசாரிப்பவருக்கும் மேனேஜருக்கும் மட்டும்தான் தெரியும்.

இந்த விதிகளை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். இருந்தும், இளையோர் பிரிவைப் பார்ப்பவர் யார் என்ற கேள்வி ஞாயிற்றுக்கிழமை படிவத்தை நிரப்பும்போது எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு பதற்றம். என் பெயரைப் போட முடியாது என்று மனைவி பெயரைப் போட்டேன். செல்விக்குக் கடைசிப் பெயர் அவள் அப்பாவுடையது என்பதால் ஹெதருக்குச் சந்தேகம் வராது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் செல்விக்கும் இது தெரியாது.

2. ஹாட் வாட்டர் கப்போர்டு

வெந்நீர் சிலிண்டர் இருக்கும் அலமாரியில்தான் குளிர்காலத்தில் காயாத துணிகளைப் போடுவோம். அதற்கு முந்தைய சனிக்கிழமை சாக்ஸ் எடுக்கத் திறந்தேன். மேல்தட்டு முழுக்க பிரெட் துண்டுகள், வரிசையாக, என் பனியன் மேல் காய்ந்துகொண்டிருந்தன.

அடுக்கியவள் என் மகள் இனியா. பதிமூன்று வயது. எங்கள் நூலகத்தின் இளையோர் வாசிப்புக் குழுவுக்கு அவள்தான் தலைவி. குழு அந்த மாதம் எடுத்திருந்த நாவல் லிதுவேனியாவைப் பற்றியது. சோவியத் ஆட்சியில், ஒரு ஜூன் மாத விடியற்காலையில், தபால் குமாஸ்தா ஒருவரின் வீட்டுக் கதவைச் சிப்பாய்கள் தட்டுகிறார்கள். யாரோ ஊர்க்காரர் அவரைப் பற்றிக் கடிதம் எழுதிப்போட்டிருக்கிறார். மூட்டை கட்ட அரைமணி நேரம். பிறகு மாடு ஏற்றும் ரயில் பெட்டி, சைபீரியா. வழியில் உயிரைக் காப்பாற்றுவது காய்ந்த ரொட்டி.

இது ஆக்லாந்து, இங்கே யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள் என்றேன். நாவலில் வருகிறவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள் என்றாள் இனியா.

அவள் கட்டிலுக்கடியில் ஸ்கூல் பை ஒன்று தயாராக இருந்தது. உள்ளே இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் அம்மா, இன்னொன்றில் இனியா என்று எழுதியிருந்தாள். எனக்கு எங்கே என்று கேட்டேன். இனியா ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அதைத் தமிழில் தருகிறேன்.

“நீங்க எங்ககூட வர மாட்டீங்கப்பா. ஆம்பளைங்கள ஸ்டேஷன்லயே பிரிச்சு வேற ரயில்ல ஏத்திருவாங்க.”

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப்போலச் சொன்னாள்.

மறுநாள் படிவத்தை நிரப்பினேன். பிள்ளைகளின் மனதை இந்த நூல் பாதிக்கிறது, ஷெல்ஃபிலிருந்து எடுத்துவிடவும் என்று எழுதினேன். நூலை முழுமையாக வாசித்தீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது. பதினான்கு பக்கம் வாசித்திருந்தேன். ஆம் என்று டிக் போட்டேன்.

3. நேரில் அழைத்தல்

புகார் கொடுத்தவர் பாவம், ரொம்பக் கலங்கியிருக்கிறார், நேரில் கூப்பிட்டுப் பேசு என்றார் ஹெதர். மாட்டிக்கொள்ளாமல் இருக்க மின்னஞ்சல் கொடுக்காமல் வீட்டு முகவரி மட்டும் கொடுத்திருந்தேன். ஆகவே நானே அழைப்புக் கடிதம் டைப் செய்து, கையெழுத்துப் போட்டு, தபாலில் சேர்த்தேன். நான்கு நாள் கழித்து வீட்டு லெட்டர்பாக்ஸில், செல்வி பார்ப்பதற்கு முன், நானே எடுத்தேன். வர இயலாது, கைண்ட்லி டூ த நீட்ஃபுல் என்று இடது கையால் பதில் எழுதினேன். வியாழக்கிழமை அது என் டிரேக்கு வந்தது.

ஹெதர் அதை இரண்டு முறை வாசித்தார். இந்த நீட்ஃபுல் என்பது எதை என்று கேட்டார். எனக்கும் புரியவில்லை என்றேன்.

கவுண்டரில் என்னோடு இருப்பவர் பத்மாக்கா, யாழ்ப்பாணத்துக்காரர். ஹெதர் போனதும் என் பக்கம் சாய்ந்தார்.

“தம்பி, ஆரெண்டு எனக்குத் தெரியாது. ஆனா உங்கட ஊர் ஆள்தான். வெள்ளைக்காரர் ஒருத்தரும் நீட்ஃபுல் எண்டு எழுதமாட்டினம்.”

பேச்சை மாற்ற, வீட்டில் பிரெட் காய்வதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“பாண் காயப்போட்டு வச்சிருக்கிறாளோ? கெட்டிக்காரி. நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை நான் ஒரு தலைகாணியும் ஜியோமெற்றி பொக்ஸும்தான் தூக்கினனான். அம்மா கடைசி வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி ஏசினவ.”

4. பதினோராவது கையெழுத்து

புகார் வந்த செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் இனியா கிளிப்போர்டோடு என் கவுண்டருக்கு வந்தாள். புத்தகத்தை எடுக்கக் கூடாது என்று மனு. ஏற்கெனவே பத்துக் கையெழுத்து.

“யாரோ ஒரு கோழை எழுதியிருக்காங்கப்பா. புக்க படிச்சிருக்கக்கூட மாட்டாங்க. கதையிலயும் இப்படித்தான், லெட்டர் எழுதினவன் கடைசி வரைக்கும் வெளிய வரவே மாட்டேங்கிறான்.”

கடைசி அத்தியாயம் அவளுக்கு இன்னும் பாக்கி இருந்தது. எழுதியது யார் என்று கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வேலை போனாலும் வேறு தேடிக்கொள்வேன். இவள் கண்டுபிடித்துவிட்டால் அந்த முகத்தைத் தினமும் எப்படிப் பார்ப்பது?

எனக்கு எதிரான மனுவில் பதினோராவது ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை என்று அவளே வேறு பேனா தந்தாள்.

5. வாசிப்பு

அறிக்கைக்கு இரண்டு நாள் இருந்தபோது உணவு இடைவேளைகளில் உட்கார்ந்து நாவலை முழுக்க வாசித்தேன். நூலின் நடுவில் தெரிகிறது: அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததே அந்தக் குமாஸ்தாவின் கை வழியாகத்தான். தன்னைக் காட்டிக்கொடுக்கும் உறையில் தானே முத்திரை குத்தி, பையில் போட்டு, அன்றைய வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போயிருக்கிறார். என் டிரேயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்மாக்கா வந்து, சோறு ஆறுது தம்பி என்றார்.

எழுதியவன் பக்கத்து வீட்டுக்காரன் என்று கடைசி அத்தியாயத்தில் வருகிறது. அவனுக்கும் ஒரு மகள். சைபீரியாவுக்கு அனுப்புகிறவர்களின் பட்டியலில் தன் குடும்பத்தைச் சேர்த்துவிடுவார்களோ என்று பயந்து முந்திக்கொண்டான்.

அறிக்கையில், புகார்தாரர் நூலை முழுமையாக வாசித்ததாகத் தெரியவில்லை, நூல் ஷெல்ஃபிலேயே இருக்கலாம் என்று எழுதி ஹெதரிடம் கொடுத்தேன். அறிக்கையில் நான் எழுதியது எல்லாம் உண்மை.

6. சனிக்கிழமை

முடிவுக் கடிதத்தை நான் தபாலில் போடுவதாகச் சொல்லியிருந்தேன். ஹெதர் எனக்கு உதவுவதாக நினைத்துத் தானே போட்டுவிட்டார். சனிக்கிழமை நான் வேலை முடித்து வீட்டுக்குள் நுழைந்தபோது செல்வி சாப்பாட்டு மேசையில் உறையைப் பிரித்து வைத்திருந்தாள். எதிரே இனியா.

“என்னங்க, நான் எப்ப லைப்ரரி மேல புகார் குடுத்தேன்? வார்டுல எனக்கு உக்கார நேரமில்ல. இதுல நான் புத்தகத்த படிக்காமலே புகார் குடுத்தேன்னு வேற எழுதியிருக்கு. கீழ உங்க கையெழுத்து.”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், இடது கை உட்பட. செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். இனியா சிரிக்கவில்லை. கிளிப்போர்டை எடுத்து வந்து பதினோராவது பெயரை ஸ்கேல் வைத்து அடித்தாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

திங்கட்கிழமை ஹெதரிடமும் ஒப்புக்கொண்டேன். இதற்கென்று படிவம் எதுவும் இல்லையே என்றார். எச்சரிக்கைக் கடிதம் தந்தார். விதிகளில், புகார் கொடுப்பவரும் விசாரிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார். நீங்கள் வேலைக்குச் சேரும்போது அந்த வரியை வாசித்து, இதை எந்த முட்டாளுக்காக எழுதினார்கள் என்று நினைப்பீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை காருக்குப் போகும்போது இனியா பின்னாலேயே வந்தாள். கடைசி அத்தியாயத்தை முடித்துவிட்டதாகச் சொன்னாள்.

“அந்த ஆளுக்கும் ஒரு பொண்ணு இருக்குப்பா.”

“தெரியும்மா.”

“லெட்டர் எழுதுறதுக்குப் பதிலா அவன் போய் அவங்ககிட்டயே கேட்டிருக்கலாம்ல.”

ஆமாம், கேட்டிருக்கலாம் என்றேன். அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். ஒரு பெற்றோர் புத்தகத்தை நீக்கச் சொல்லி வந்தால், புத்தகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். என்னிடம் யாராவது அதைக் கேட்டிருந்தால், எனக்குப் பொட்டலம் இல்லை என்று சொல்லியிருப்பேன், படிவமே தேவைப்பட்டிருக்காது.

அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பையைத் திறந்தபோது டிபன் பாக்ஸுக்கு அடியில் மூன்றாவது பொட்டலம் இருந்தது. அப்பா என்று தமிழில் எழுதியிருந்தாள், கொஞ்சம் கோணலாக. அம்மாவுடையதையும் அவளுடையதையும் விடப் பெரியது. வேறு ரயிலில் தனியாகப் போகிறவனுக்கு அது அவனுடைய பையிலேயே இருக்க வேண்டும் அல்லவா.

அதை என் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். புத்தகங்களுக்குப் பூச்சி வரும் என்பதால் இங்கே உணவுப்பொருள் வைக்கத் தடை உண்டு. பத்மாக்கா பார்த்துவிட்டார். இதுவரை புகார் வரவில்லை.